விதைக்குத் தடவும் தூள் எல்லா நோய்க்கும் ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடிப்பட்டத்துக்கு விதை வாங்கும் நேரம் இது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் தக்காளி, கத்திரி, மிளகாய், காராமணி, சுரை, பீர்க்கு என்று நடவுக்குத் தயாராகும் விவசாயிகள் முளைப்புத்திறனைப் பார்க்கிறார்கள், விலையைப் பார்க்கிறார்கள், எந்தக் கம்பெனி என்று பார்க்கிறார்கள். விதையோடு நோயும் சேர்ந்து வருகிறதா என்று கேட்பவர் மிகக் குறைவு. கேட்டாலும் கடையில் சிவப்புத் தூள் தடவிய விதையைக் காட்டி, "மருந்து போட்டதுதான், பயப்படாதீங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தூள் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பது பலருக்கும் தெரியவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நோய்க்கிருமி விதையில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மருந்து. சில கிருமிகள் விதையின் மேற்பரப்பில், காய்ச்சதையின் காய்ந்த மிச்சத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சில, விதை உறைக்குள் புகுந்து தங்கும். இன்னும் சில முளைக்கருவுக்கே போய்விடும். மேலே ஒட்டியிருப்பதைக் கழுவலாம். உறைக்குள் இருப்பதைச் சூட்டால் கொல்லலாம். முளைக்கருவுக்குள் போன வைரஸை எந்தத் தூளாலும், எந்தத் திரவத்தாலும் எடுக்க முடியாது. கடைகளில் தடவித் தரும் பூஞ்சாணக்கொல்லித் தூள் பெரும்பாலும் மேற்பரப்புப் பூஞ்சாணத்தையும், மண்ணிலிருந்து வரும் நாற்றழுகலையும்தான் கட்டுப்படுத்தும். பாக்டீரியாவிடமும் வைரஸிடமும் அதன் வேலை செல்லாது. வீட்டில் விதை நேர்த்திக்குப் பயன்படுத்தும் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சாணம் (கிலோவுக்கு 4 கிராம்), சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியா (கிலோவுக்கு 10 கிராம்) இரண்டும் நல்லவைதான், அவசியம் செய்யுங்கள். ஆனால் அவையும் வைரஸுக்கு மருந்தல்ல.

நம் பக்கத்துப் பயிர் என்றால் கத்திரியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளு கத்திரியை இலவம்பாடியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் இன்றைக்கும் பலர் சொந்த விதையில்தான் பயிர் செய்கிறார்கள். சொந்த விதை என்பது பெருமைதான். ஆனால் அதை எடுக்கும் முறையில் ஒரு கோளாறு இருக்கிறது. நல்ல காயையெல்லாம் சந்தைக்குப் பறித்துவிட்டு, கடைசிப் பறிப்பில் மிஞ்சியதை, தரையில் படுத்துக் கிடப்பதை, விலை போகாததை விதைக்கு விடுகிறோம். பருவத்தின் கடைசியில்தான் செடியில் நோயும் உச்சத்தில் இருக்கும்.

போமாப்சிஸ் என்னும் காய் அழுகல் நோய் இப்படித்தான் வருடத்துக்கு வருடம் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. பழுத்து மஞ்சளாகும் காயை உற்றுப் பாருங்கள். வெளிறிய பழுப்பு நிறத்தில் கொஞ்சம் உள்வாங்கிய புள்ளி இருக்கும். அதன்மேல் குண்டூசித் தலையைவிடச் சின்னதாகக் கருப்புப் புள்ளிகள் வட்டம் வட்டமாக அமைந்திருக்கும். அந்தப் பூஞ்சாணம் சதை வழியாக விதைக்குப் போய் உறைக்கு உள்ளே தங்கும். மறு வருடம் நாற்றங்காலில் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்துச் சுருங்கி நாற்று சாயும். அதைத் தண்ணீர் அதிகமானதால் வந்த அழுகல் என்று நினைத்துவிடுகிறோம். தப்பிப் பிழைத்த நாற்றோ நோயோடு வயலுக்குப் போகிறது.

இதற்கு முதல் வேலை, விதைக்காயை முன்கூட்டியே ஒதுக்குவது. இரண்டாம் மூன்றாம் பறிப்பின்போதே நோயில்லாத, காய்ப்பு நல்ல செடிகளாகப் பார்த்து வண்ணக் கயிறு கட்டிவிடுங்கள். தரையைத் தொடாத காயை மட்டும் பழுக்க விடுங்கள். ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்தக் காய் விதைக்கு வேண்டாம். புள்ளி உள்ள பகுதியை அறுத்துப் போட்டுவிட்டு மீதியில் விதை எடுப்பது பலரும் செய்கிற தப்பு. பூஞ்சாணம் கண்ணுக்குத் தெரிகிற புள்ளியோடு நின்றிருக்கும் என்று சொல்வதற்கில்லை.

இரண்டாவது வேலை, வெந்நீர் நேர்த்தி. ஒரு ஏக்கர் கத்திரிக்கு விதை ஏறக்குறைய 160 கிராம்தான் தேவை. அவ்வளவு சிறிய அளவுக்கு வெந்நீர் நேர்த்தி எந்த வீட்டிலும் முடியும். வேண்டியது ஒரு நல்ல வெப்பமானி, மெல்லிய பருத்தித் துணிப்பை, மூடியுள்ள 10 லிட்டர் ஐஸ் பெட்டி. விதையைப் பைக்குள் பாதி அளவுக்கு மேல் நிரப்பாமல் தளர்வாகக் கட்டுங்கள். முதலில் 37, 38 டிகிரி வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் வையுங்கள். விதைகளுக்கு இடையே இருக்கும் காற்று வெளியேறிச் சூடு சீராக ஏறுவதற்காக இது. பிறகு பெட்டியில் 50 டிகிரியில் தயாராக இருக்கும் நீரில் பையை முக்கி 25 நிமிடம் வைக்க வேண்டும். இடையிடையே பையைக் குலுக்கி விடுங்கள். வெப்பமானியைப் பெட்டியின் அடியில் தொடவிடாமல் நடு நீரில் பிடித்துப் பாருங்கள். சூடு இறங்கினால் ஓரமாகக் கொஞ்சம் வெந்நீர் சேர்த்துக் கலக்குங்கள், விதைப் பையின்மேல் நேராக ஊற்றக் கூடாது. நேரம் முடிந்ததும் குளிர்ந்த நீரில் 5 நிமிடம் வைத்து, நிழலில் ஒரே அடுக்காகப் பரப்பி உலர்த்துங்கள். அதற்கு அப்புறம்தான் டிரைக்கோடெர்மா. முதலில் டிரைக்கோடெர்மாவைப் போட்டுவிட்டு வெந்நீரில் முக்கினால் அந்த நல்ல பூஞ்சாணமும் செத்துவிடும்.

தக்காளிக்கும் இதே 50 டிகிரி, 25 நிமிடம். மிளகாய்க்கு 51 முதல் 52 டிகிரி, 30 நிமிடம். மிளகாயின் பழ அழுகல் பூஞ்சாணமும் விதையோடு வருவதுதான். கையால் தொட்டு "சூடு சரியாத்தான் இருக்கு" என்று செய்வது வேண்டவே வேண்டாம். 48 டிகிரியில் நோய் சாகாது, 54 டிகிரியில் விதை செத்துவிடும். பழைய விதை, ஏற்கெனவே மருந்து தடவி வந்த விதை, மேல்பூச்சு கொடுத்து உருண்டையாக்கிய விதை ஆகியவற்றுக்கு இது கூடாது. காராமணி, பீன்ஸ், வெள்ளரி, சுரை போன்ற பெரிய விதைகளுக்கும் ஒத்துவராது, முளைப்பு கெட்டுவிடும்.

முழு விதையையும் முக்குவதற்கு முன்னால் 100 விதையை மட்டும் நேர்த்தி செய்து, நேர்த்தி செய்யாத 100 விதையோடு ஈரத்துணியில் சுருட்டி வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கத்திரி, தக்காளி, மிளகாய் மூன்றுக்கும் 14 நாள் பொறுத்துக் கணக்கெடுக்க வேண்டும். நேர்த்தி செய்ததில் முளைப்பு வெகுவாகக் குறைந்திருந்தால் பெரும்பாலும் உங்கள் வெப்பமானிதான் பொய் சொல்கிறது.

அடுத்தது தக்காளித் தேமல், அதாவது இலை வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத் திட்டாகும் வைரஸ் நோய். புகையிலைத் தேமல் வைரஸ், தக்காளித் தேமல் வைரஸ் இரண்டும் ஒரே குடும்பம். 2015-இல் ஜோர்டானில் கண்டறியப்பட்டுச் சில ஆண்டுகளில் விதை, நாற்று வணிகத்தோடு பல நாடுகளுக்குப் பரவிய பழுப்புச் சுருக்க வைரஸும் அந்தக் குடும்பம்தான். இவை பெரும்பாலும் விதை உறையில்தான் இருக்கும், முளைக்கருவுக்குப் போவதில்லை. அப்படியானால் நாற்றுக்கு எப்படி வருகிறது? நாற்றைப் பிடுங்கும்போது, இடம் மாற்றும்போது, வேரிலும் தண்டிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு காயங்கள் உண்டாகின்றன. நாற்றோடு ஒட்டியிருக்கும் விதை உறையிலிருந்து வைரஸ் அந்தக் காயங்கள் வழியே நுழைகிறது. ஒரு நாற்று போதும். அதைத் தொட்ட கை அடுத்த நாற்றைத் தொடும், 98 குழியுள்ள நாற்றுத் தட்டு முழுவதும் போய்விடும். இதற்குப் பூச்சி தேவையே இல்லை. ஆகவே பூச்சிமருந்து அடித்துப் பயனும் இல்லை.

இந்த இடத்தில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் ஆயிரக்கணக்கான வீடுகளில் பீடி சுற்றும் தொழில் நடக்கிறது. காய்ந்த புகையிலையில் புகையிலைத் தேமல் வைரஸ் பல பத்தாண்டுகள்கூட உயிர்ப்போடு இருக்கும். காலையில் புகையிலைத் தூளைக் கையாண்டுவிட்டு அப்படியே நாற்றுப் பண்ணைக்கோ தக்காளி நடவுக்கோ வந்தால் கை வழியாகவே நோய் வரலாம். வேலைக்கு வருபவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வாசலில் சோப்பும் தண்ணீரும் வைத்து, நகம்வரை தேய்த்துக் கழுவ நேரம் கொடுப்பது பண்ணைக்காரரின் பொறுப்பு. நாற்று பிடுங்கும்போது கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 200 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து வைத்துக்கொண்டு அவ்வப்போது கையை நனைத்தால் பாலிலுள்ள புரதம் வைரஸின் தொற்றும் திறனை வெகுவாகக் குறைக்கும். நாற்றங்காலுக்குள் பீடி, சிகரெட் கண்டிப்பாகக் கூடாது.

தக்காளி விதையின் உறையில் உள்ள இந்த வைரஸ்களுக்கு டிரைசோடியம் பாஸ்பேட் 10 சதவீதக் கரைசல். ஒரு லிட்டர் நீருக்கு 100 கிராம் என்ற கணக்கில் கரைத்து, 30 நிமிடம் விதையை ஊறவைத்து, ஓடும் நீரில் நன்றாக அலசி உலர்த்துங்கள். காரத்தன்மை மிகுந்த உப்பு இது, கையுறை போடாமல் தொடாதீர்கள், கண்ணில் படக் கூடாது. நேரம் கூடினால் முளைப்பு குறையும். சொந்தமாகத் தக்காளி விதை எடுப்பவர்கள் கூழைப் பிளாஸ்டிக் வாளியில் போட்டு, கிலோ கூழுக்கு 30 மில்லி வணிக ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, மரக்குச்சியால் கலக்கி, 20 முதல் 30 நிமிடத்தில் கழுவி எடுத்தால் விதைமேல் ஒட்டியிருக்கும் சவ்வோடு கிருமியும் பெருமளவு நீங்கும். உலோகப் பாத்திரம் வேண்டாம்.

காராமணியும் பீன்ஸும் வேறு கதை. இவற்றில் வரும் தேமல் வைரஸ் முளைக்கருவுக்குள் இருக்கிறது. அங்கே போவதற்கு இரண்டு வழி: தாய்ச்செடியிலிருந்து நேராகச் சூலுக்கு, அல்லது நோயுள்ள மகரந்தம் சூலைச் சேரும்போது அதோடு. பூப்பதற்கு முன் நோய் தாக்கிய செடியில் பிறக்கும் விதையில்தான் வைரஸ் இருக்கும். பூத்த பிறகு தாக்கினால் விதைக்குப் போவது அரிது. ஆகவே வேலை முழுவதும் பூப்பதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். மூன்று சிற்றிலை கொண்ட முதல் இலை விரிந்ததும் ஒரு பார்வை, பிறகு பூக்கும்வரை வாரம் ஒரு பார்வை. நரம்போரம் கரும்பச்சை, இடையில் வெளிர்பச்சை, விளிம்பு கீழ்நோக்கி வளைந்த இலை தென்பட்டால் அந்தச் செடியை அங்கேயே பைக்குள் பிடுங்கிப் போட்டு வெளியே கொண்டுபோங்கள். கையில் பிடித்து வரப்பு முழுக்க நடந்தால் அதிலிருக்கும் அசுவினி என்னும் சாறுறிஞ்சும் சிறு பூச்சிகள் வழியெல்லாம் இறங்கும். அசுவினி ஓரிரு முறை உறிஞ்சிப் பார்த்தாலே, சில நொடிகளில், வைரஸை எடுத்துக்கொண்டு அடுத்த செடிக்குக் கொடுத்துவிடும். மருந்து அதைக் கொல்வதற்குள் வேலை முடிந்திருக்கும். விதைக்கு விடும் காராமணிப் பாத்தியில் தேமல் செடி ஒன்றுகூடப் பூக்க விடக் கூடாது என்பதை இதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொடிக்காய்களில் மகரந்தத்தின் பங்கு இன்னும் அதிகம். வெள்ளரிப் பச்சைத் தேமல் வைரஸ் சுரை, வெள்ளரி, தர்பூசணி எல்லாவற்றையும் தாக்கும். விதை உறையிலும் வரும், மகரந்தத்திலும் வரும், தேனீ வழியும் பரவும். கையால் மகரந்தச் சேர்க்கை செய்பவர்கள் ஆண்பூவை எந்தக் கொடியில் பறிக்கிறோம் என்று பார்க்க வேண்டும். பூசணி, பாகல் காலையில் மலரும்; சுரை, பீர்க்கு மாலையில் மலரும், அந்தி வெளிச்சத்தில் இலையின் தேமல் கண்ணில் படாது. பகலிலேயே நல்ல கொடிகளுக்கு அடையாளம் கட்டிவிட்டு மாலையில் அதில் மட்டும் பூப் பறியுங்கள்.

தர்பூசணியில் வரும் பழக்கொப்புள நோய் பாக்டீரியா இன்னும் மோசம். பெண்பூவின் சூல்முடிக்கு வந்து சேர்ந்தால் விதைக்குள் போய்விடும், ஆனால் காய் வெளியே பளபளவென்று இருக்கும். "காய் நல்லாத்தானே இருந்தது" என்று விதை எடுத்தவர்கள் ஏமாறுவது இதனால்தான். அந்த வயலில் எங்கேனும் அந்த நோய் தெரிந்திருந்தால், எவ்வளவு அழகான காயாக இருந்தாலும் அதில் விதை எடுக்காதீர்கள்.

மகரந்தம் களைகளிலிருந்தும் நோய் கொண்டுவரும். சாலையோரம், ஏரிக்கரை, வரப்பு என்று எங்கும் நிறைந்திருக்கும் பார்த்தீனியம் புகையிலைக் கீற்று வைரஸைச் சுமக்கும், தனக்கு எந்த அறிகுறியும் காட்டாது. அதன் பூவில் வாழும் இலைப்பேன் என்னும் மிகச் சிறிய பூச்சி உடம்பு முழுக்க மகரந்தத்தைப் பூசிக்கொண்டு பயிருக்கு வரும். இலையைச் சுரண்டித் தின்னும் காயத்தில் அந்த மகரந்தத்திலிருந்து வைரஸ் இறங்கும். 2000-ஆம் ஆண்டில் ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் சுமார் 2.25 லட்சம் ஹெக்டேர் நிலக்கடலையை, 300 கோடி ரூபாய்க்கு மேல் இழப்போடு, அழித்தது இந்த வைரஸ்தான். தென்னிந்தியாவில் வெண்டை, கெர்கின் (ஊறுகாய்க்கான சிறு வெள்ளரி), மிளகாய், உளுந்து ஆகியவற்றிலும் இது உண்டு. பார்த்தீனியத்தைப் பூத்த பிறகு பிடுங்குவது வைரஸைத் தூவுவதற்குச் சமம். பூப்பதற்கு முன், மழைக்குப் பின் ஈரமண்ணில், கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். வெறும் கையில் தொட்டால் அரிப்பும் தோல் அழற்சியும் வரும். வெண்டை, கடலை வயலைச் சுற்றிப் பயிருக்கு இரண்டு வாரம் முன்னதாகச் சோளமோ கம்போ மூன்று நான்கு வரிசை விதைத்துவிட்டால் காற்றில் வரும் இலைப்பேன் பெருமளவு அங்கேயே தடைபடும்.

எல்லா நோய்க்கும் விதையைப் பழி சொல்வதும் தவறு. வெண்டை மஞ்சள் நரம்புத் தேமலும் தக்காளி இலைச்சுருட்டலும் வெள்ளை ஈயின் வேலை. கத்திரியின் சிற்றிலை நோய் தத்துப்பூச்சியால் வருகிறது. இவற்றுக்காக விதைக் கடையில் சண்டை போட்டு எந்தப் பயனும் இல்லை.

இனி விதைப் பாக்கெட்டுக்கு வருவோம். சீட்டில் முளைப்புத்திறன், புறத்தூய்மை, இனத்தூய்மை, குவியல் (லாட்) எண், பரிசோதனைத் தேதி எல்லாம் இருக்கும். கத்திரி, தக்காளிக்கு முளைப்பு குறைந்தது 70 சதவீதம், மிளகாய்க்கு 60 என்பது விதி. நோய்ப் பரிசோதனைக்கு மட்டும் கட்டம் கிடையாது. சோதனை செய்திருந்தாலும் எத்தனை விதையில் செய்தார்கள் என்று தெரிய வேண்டும். 400 விதையைச் சோதித்து ஒன்றிலும் நோய் இல்லை என்றாலும், அந்தக் குவியலில் முக்கால் சதவீதம்வரை நோய் இருக்க வாய்ப்புண்டு. ஏக்கருக்கு 10,000 நாற்று நட்டால் அது 75 நாற்று, வயல் முழுக்கச் சிதறிய 75 இடம். ஆயிரத்தில் ஒன்றுக்குக் கீழ் என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல 3,000 விதையாவது சுத்தமாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லெட்டூஸ் கீரையின் தேமல் வைரஸுக்கு 30,000 விதையில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று வைத்து அந்த நோயை அடக்கினார்கள். அசுவினி இருக்கும் ஊரில் அவ்வளவு கடுமை தேவைப்பட்டது.

ஆகவே உங்கள் நாளிதழ் வழியாகச் சில கோரிக்கைகள். தக்காளி, மிளகாய், கொடிக்காய் விதைக்கு எந்தெந்த நோய்க்கு எத்தனை விதை சோதிக்கப்பட்டது என்பதைக் குவியல் வாரியாகச் சீட்டில் அச்சிட அரசு கட்டாயப்படுத்த வேண்டும். விற்பனைக்கு நாற்று வளர்க்கும் பண்ணைகள் உரிமம் பெற வேண்டும் என்பது ஏற்கெனவே இருக்கும் விதி. உரிமத்துக்கான ஆய்வின்போது கை கழுவும் வசதி, தட்டுகளைக் கிருமி நீக்கும் முறை, வாங்கிய விதையின் குவியல் எண் பதிவு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஆந்திரத்தின் பலமநேர், கர்நாடகத்தின் கோலார் பக்கமிருந்து வரும் நாற்றுக்கும் அதே பதிவு வேண்டும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் பட்டம் தொடங்குமுன் வட்டாரத்துக்கு ஒரு நாள் சரியான வெந்நீர்த் தொட்டியோடு வந்து விவசாயிகளின் சொந்த விதையை நேர்த்தி செய்து கொடுத்தால், முள்ளு கத்திரி பயிரிடுவோருக்கு அதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது.

விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். விதை வாங்கியதும் ரசீதையும் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். பாக்கெட்டில் ஒரு சிட்டிகை விதையை அதே உறையில் மடித்து, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் படாமல் அறுவடை முடியும்வரை வைத்திருங்கள். பிறகு வயலில் நோய் வந்தால், அது விதையில் வந்ததா வெளியிலிருந்து வந்ததா என்று சோதித்துச் சொல்ல அந்த மீதி விதை இல்லாமல் எந்த ஆய்வகத்தாலும் முடியாது.

இப்படிக்கு,
காய்கறி விதை உற்பத்தியாளர்கள் சிலர்,
அணைக்கட்டு வட்டாரம், வேலூர் மாவட்டம்.